ஹில்டா வீட்டு முறைநாள்

மண்டி மொஹல்லாவில் ஹில்டாவை எவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவர்; தெருவுக்கே அவர் 'சிஸ்டர்'.

அக்டோபர் முழுவதும் மாதா சொரூபம் தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகளுக்கு, நாளுக்கொரு வீடாக, நடையாகவே கொண்டுசெல்லப்படும். மாலை ஆறு மணிக்கு எந்த வீட்டில் செபமாலை தொடங்குகிறதோ, அன்றிரவு மாதா அங்கேயே தங்குவாள். அந்த ஆறு மணியும் ஊர் வகுத்ததுதான்: பகல் ஷிப்டுக்காரர்கள் வீடு சேர்ந்திருப்பார்கள், இரவு ஷிப்டுக்காரர்கள் புறப்பட்டிருக்க மாட்டார்கள். ஒரு காலத்தில் ஐம்பது பேர் பாடிக்கொண்டே பின்னால் வருவார்கள். சந்துக்குள் வண்டிகள் தாமாகவே ஒதுங்கி நிற்கும்.

முறைப் பட்டியலை எழுதுபவர் ஹில்டா. விஜயதசமியன்று தசரா யானை ஊர்வலத்துக்காகச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். ஆகவே அன்று மாதாவை முந்திய வீட்டிலேயே இருத்திவிடுவது அவர் வழக்கம். 2024இல் மட்டும் தவறிவிட்டார். நவம்பரில் மகன் எரிக்கோடு பெங்களூருக்குக் குடிபெயர வேண்டும். மூட்டை கட்டும் அவசரத்தில், விஜயதசமிக்கு நேரே தம் பெயரையே எழுதிவைத்தார். அந்த வீட்டுக்கு மாதா வரும் கடைசி முறை அது. எஞ்சிய நாள்களிலோ பெயர்கள் நிரம்பியிருந்தன.

லூர்துராஜ் வீட்டிலிருந்து சொரூபத்தோடு நால்வர் புறப்பட்டு சயாஜிராவ் சாலையை எட்டியபோது, தடுப்பு போட்டிருந்தார்கள். ஹில்டாவின் வீடு சாலைக்கு அப்பால்.

"ஊருக்கே தசரா தேதி சொல்றவங்க நீங்க, சிஸ்டர்! யானைக்கு முன்னாடி கொண்டாந்து நிறுத்திட்டீங்களே," என்று சிரித்தார் லூர்துராஜ்.

"சும்மா இரு லூர்து. மணி என்ன?"

"அஞ்சே முக்கால்."

பூ விற்கும் நஞ்சம்மா, கொள்ளேகாலத்துக்காரர், தம் வாசலிலிருந்து கூப்பிட்டார். "ஏனுங் சிஸ்டர், தாயை ரோட்டுல நிக்க வெப்பாங்களா? உள்ள வாங்க, எடம் பண்ணித் தர்றனுங்."

கொலுவின் மேல்படியிலிருந்த ராஜா ராணிப் பொம்மைகளை அவரே ஓரமாக நகர்த்தினார். மாதா அங்கே நின்றாள்.

"தடுப்ப ஏழு மணிக்கு எடுத்துருவாங்க," என்றார் லூர்துராஜ். "உங்க வீட்டுலயே ஆரம்பிக்கலாம். ஒரு மணி நேரம்தானே, யாரு கேக்கப் போறா?"

ஹில்டா பின்னால் திரும்பிப் பார்த்தார். நால்வரில் ஒருத்தியான ஜூலி செவிலியர் சீருடையிலேயே வந்திருந்தாள். இரவு டூட்டிக்கு ஏழு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டியவள்.

"ஆறுன்னா ஆறுதான்," என்று ஹில்டா முழந்தாளிட்டார்.

செபம் தெரியாத நஞ்சம்மா, மற்றவர்கள் முடிக்கும் இடத்தில் மட்டும் உரக்க 'ஆமென்' சொன்னார்.

தடுப்பு அகன்றதும், மாதா கொலுவிலேயே தங்கிவிட, ஹில்டா தனியே வீடு திரும்பினார். கூடத்து மேசைமேல் இஸ்திரி போட்ட வெள்ளைத் துணி விரித்தபடி இருந்தது. அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.