பொன்னியம்மாளின் உபரிக் கை

"ஆண்டவன் எனக்கு ரெண்டு கை குடுத்துக்கிறான். அதுலயே ஒண்ணு உபரி. இன்னொருத்தர் கை எனக்கு எதுக்கு?"

1959 தை மாதத்தில் புத்தூர் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு பொன்னியம்மாள் வெளியிட்ட பிரகடனம் இது. அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. கடைசி மகள் ருக்மணி கல்யாணமாகித் திருத்தணிக்கு ரயில் ஏறுகிறாள். மகன் ஏற்கெனவே திருப்பதியில் உத்தியோகம். "ஒத்தையில இன்னாம்மா பண்ணுவ?" என்று அழுத பெண்ணுக்குத்தான் இந்தப் பதில். பக்கத்தில் தலையில் சீர்ப் பெட்டியோடு கணவர் நாராயணசாமி நின்றிருந்தார். "ஒத்தையில" என்று மகள் சொன்னதைத் தாய் மறுக்கவில்லை. அவரும் ஆட்சேபிக்கவில்லை.

ஆந்திராவும் மதராசும் எல்லைக்காக ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பொன்னியம்மாள் வீட்டில் அந்தத் தகராறு முப்பது வருஷத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. அடுப்பு, கிணறு, பிள்ளைகள் எல்லாம் அம்மாள் பிரதேசம். மாட்டுக் கொட்டகையும் வேர்க்கடலைக் கொல்லையும் ஐயா பிரதேசம். சோறு மட்டும் வேளாவேளைக்கு எல்லை கடக்கும்.

பிள்ளைகள் போனதும் அம்மாள் பிரதேசம் காலியாயிற்று. பழக்கதோஷத்தில் நாலு பேருக்குப் பொங்கி, மிச்சத்தை மாட்டுக்கு ஊற்றினார். மாடுகள் கொழுத்தன, அம்மாள் இளைத்தார். நடுப்பகலில் உடம்பு திடீரென்று தணலாய்க் காயும். ராத்திரி தூக்கம் வராது. "வேலை இல்ல, அதான்" என்று உடம்பைத் திட்டிவிட்டு, துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்குவார்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் சர்க்கார் எல்லையை ஒருவழியாக முடிவு செய்து, திருத்தணியை மதராசுக்குக் கொடுத்தது, புத்தூரை ஆந்திராவிலேயே விட்டது. ருக்மணி அதே வீட்டில், அதே அம்மியில் அரைத்துக்கொண்டே வேற்று ராஜ்யத்துக்காரி ஆனாள். அந்த மாதம்தான் அம்மாளின் வலது தோளும் சொன்ன பேச்சுக் கேட்பதை நிறுத்தியது. குழம்பு கிளறும், சாணி தட்டும். கொண்டை போட மட்டும் தூக்கினால் உயிர் போகும். அம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டார்.

"இன்னாக்கா, சாமியாரிணி ஆயிட்டியா?" என்றாள் பக்கத்து வீட்டு ரத்னம்மா.

"வெயிலுடி."

"ஊட்டுக்குள்ளாற இன்னா வெயிலு?" என்று முக்காட்டைத் தள்ளிப் பார்த்தாள். தலை சிக்குப் பிடித்து வைக்கோல் போராய் இருந்தது. "கை ஒடிஞ்சவன் எல்லாம் எலும்புக்குக் கட்டுப் போட எங்கெங்கிருந்தோ புத்தூருக்கு வண்டி கட்டிக்கினு வர்றான். நீ இங்கயே இருந்துக்கினு மறைக்கிறியே!"

சேதி கொட்டகைக்கும் எட்டியது. மறுநாள் காலை நாராயணசாமி வண்டியைப் பூட்டி வாசலில் நிறுத்தினார்.

கட்டு வைத்தியர் தோளை அழுத்திப் பார்த்தார். "ஒடியலம்மா, இறுகிப் போச்சு. இந்த வயசுல பொம்பளைங்களுக்கு வர்றதுதான். கட்டுப் போட்டா இன்னும் இறுகும். தெனமும் எண்ணெ தடவி, கொஞ்சம் கொஞ்சமா தூக்கி வுடணும். தானா பண்ணிக்க முடியாது. ஊட்டுல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல," என்றார் அம்மாள்.

வைத்தியர் நிமிர்ந்தார். அம்மாளுக்குப் பின்னால், அம்மாளின் பையையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த எண்ணெய்ப் புட்டியையும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தார். "அப்போ இவரு?"

"நான் வண்டி ஓட்டிக்கினு வந்தேன்," என்றார் நாராயணசாமி.

வீடு வரும் வரையில் அவர் மாடுகளிடம்கூடப் பேசவில்லை. அம்மாள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தார். பிடரி முழுக்க நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று யோசித்துப் பார்த்தார், தெரியவில்லை. வந்து இறங்கியதும் நாராயணசாமி எண்ணெய்ப் புட்டியை அடுப்பங்கரை வாசற்படியில், எல்லையைத் தாண்டாமல், பத்திரமாக வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவர் கொட்டகையில் உட்கார்ந்து கத்தாழை நாரில் மூக்கணாங்கயிறு திரித்துக்கொண்டிருந்தார். புட்டியும் சீப்புமாக அம்மாள் முற்றத்தைத் தாண்டி வந்தார். அவருக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முக்காட்டை எடுத்தார். இடது தோளுக்கு மேலாகச் சீப்பை நீட்டினார்.

கயிறு திரிக்கும் சத்தம் நின்றது.

"ருக்மணி நைனா, ரொம்ப இழுத்துப் பின்னாதீங்க. நான் மாடு இல்ல."

நாராயணசாமி கையைத் துண்டில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டார். "எத்தினி பிரி?"

"மூணு."

சிக்கெடுக்கவே வெயில் ஏறிவிட்டது. பின்னி முடித்த சடை மாட்டுக்கயிறு மாதிரிதான் விறைத்துக்கொண்டு நின்றது. அம்மாள் அதைத் தடவிப் பார்த்தார். ரவிக்கைத் தோளைக் கொஞ்சம் தளர்த்தி, எண்ணெய்ப் புட்டியைப் பின்பக்கமாக நகர்த்தி வைத்தார்.