ரேடியோ தூங்கிய நேரம்

கல்குவாரி அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் சிக்னல் அக்கா. குவாரியின் செங்குத்துச் சுவரில் பதித்திருந்த நாற்பது கருவிகள் அவள் பொறுப்பு. பாறையில் விரிசல் விரிந்தால் ஒரு கருவி அடுத்ததற்குச் சொல்லி, அது அதற்கடுத்ததற்குச் சொல்லி, செய்தி கம்பியில்லாமலே கீழே வந்து சேரும். உடனே அபாயச் சங்கு ஊதும். ஏணிகளில் ஏறிப் பேட்டரி மாற்றுவது அவளுடைய தம்பியின் வேலை. அவனை அங்கே சேர்த்துவிட்டவளே அவள்தான்.

நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேட்டரி தீர்ந்துவிடும். போன வருடம் அவன் ஏணியில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது அவளுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. பேட்டரியை எதுதான் இப்படித் தின்கிறது என்று குடைந்து பார்த்தாள். விரிசலை அளக்க ஆகும் செலவு சொற்பம். பக்கத்துக் கருவி கூப்பிடுமோ என்று ரேடியோ காதைத் தீட்டிக்கொண்டு விழித்திருக்கிறதே, அதுதான் அத்தனையையும் விழுங்கியது. சரி, தூங்கட்டும் என்று முடிவு செய்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து கொஞ்சம் விழித்தால் போதும், பேட்டரி இரண்டு வருடம் தாங்கும். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. பாறை என்ன பத்து நிமிடத்திலா விழப்போகிறது என்று மேலாளரும் கையெழுத்துப் போட்டார்.

"என் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே அக்கா" என்று தம்பி சிரித்தான்.

ஒரு மழைக்குப் பிறகு, ஆட்டம் கண்ட ஒரு கருவியை முடுக்க அவன் மேலே போனான். பதினொன்று இரண்டுக்கு விரிசல் விரிந்தது. கருவி அதை அளந்துவிட்டது. ஆனால் சொல்வதைக் கேட்கப் பக்கத்தில் எதுவும் விழித்திருக்கவில்லை. பதினொன்று ஒன்பதுக்குப் பாறை விழுந்தது. பதினொன்று பத்துக்குச் சங்கு ஊதியது.

விசாரணையில் அவள்மேல் தவறில்லை என்றார்கள். ஏழு நிமிடத்தில் அந்த உயரத்திலிருந்து எவனாலும் இறங்க முடியாது என்று ஆளாளுக்குத் தேற்றினார்கள். பாவம், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சோறு தின்றாள், வேலைக்கு வந்தாள். ரேடியோக்களை மறுபடி விழிக்க வைத்தாள். நான்கு மாதத்தில் பேட்டரிகள் தீர்ந்தன. ஏற ஆள் கிடைக்கவில்லை. அவளே ஏறினாள்.

அவன் கடைசியாக நின்ற இடத்தில் பேட்டரியை மாற்றிவிட்டு இறங்கினாள். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். தரைக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிடம். அங்கேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் கேட்பதைத்தான் அன்றும் கேட்டாள்.

"அவரால இறங்கியிருக்க முடியாதுதானேக்கா?"

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். இத்தனை நாளும் அப்படித்தானே வந்தாள். அன்று மனசு கேட்கவில்லை.

"முடிஞ்சிருக்கும்மா. இன்னைக்கு நானே அஞ்சு நிமிஷத்துல இறங்கிட்டேன்."

தம்பி மனைவி கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"இனிமே இங்க வராதீங்க" என்றாள்.