கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

இது பட்டப்பகலில் நடந்தது. எவருக்குச் சொன்னாலும் கஜனி அதிலிருந்துதான் தொடங்குவார். இருட்டில் நடந்திருந்தால் கண் ஏமாற்றிவிட்டது என்று தன்னைத் தானே தேற்றியிருப்பாராம். அன்று நல்ல வெயில். குளத்துத் தண்ணீர் பளபளத்துக் கண்ணைக் கூசச் செய்தது. குளத்தின் பெயரை மட்டும் அவர் சொல்லமாட்டார். இன்றைக்கும் அங்கே சனம் குளிக்கிறது.

கஜனி வவுனியாவில் ஒரு சட்ட உதவி நிலையத்தில் வேலை செய்கிறார். அன்று காலை செட்டிகுளம் பக்கத்து ஊரொன்றில் பெண்களுக்கு வகுப்பு எடுத்தார்.

"நிப்பாட்டின வாகனத்தைத் திறக்கச் சொல்லி பொலிஸ் கேட்டா பயப்பிடாதேங்கோ. என்ன காரணம் எண்டு கேளுங்கோ. பேரையும் நம்பரையும் கேளுங்கோ. உங்கட பைக்குள்ள கை வைக்கிறது லேசான விசயமில்லை."

சுப்பம்மா என்ற பெண் எழுந்து, "கேட்டா விட்டிருவாங்களா, மிஸ்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கஜனியும் சிரித்தார்.

திரும்பி வரும்போது காரின் பின் இருக்கையில் ஒரு துணிப்பை இருந்தது. அந்தப் பெண்கள் நம்பி எழுதிக் கொடுத்த முறைப்பாடுகள் அதற்குள் இருந்தன. சில, பொலிஸ்காரர்களைப் பற்றியவை. அது வேறு எவர் கையிலும் அகப்படக்கூடாது.

குளக்கட்டில் வந்துகொண்டிருந்தபோது நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. சிக்னல் விட்டு விட்டு வந்ததால் ஒரு மருத மரத்தின் கீழ் காரை நிறுத்தினார். இறங்கிப் பூட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று கதைத்து முடித்தார். சுற்றிலும் ஒருவருமில்லை. ஒரு மாடுகூட இல்லை.

டொக்... டொக்...

திரும்பினார்.

காருக்கு அந்தப் பக்கம் ஒரு பொலிஸ்காரர். கண்ணாடிக்கு ஊடாகக் காக்கிச் சட்டையும் தொப்பியும் தெரிந்தன. குனிந்து நிற்கிறார் போலிருந்தது. இளவயதுதான். அவர் வந்த மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. வந்த சத்தமும் கேட்கவில்லை.

"திறவுங்கோ."

குரல் அமுங்கி, எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்டது.

பை உள்ளே இருக்கிறது. காலையில் சொல்லிக் கொடுத்ததை இப்போது தானே செய்ய வேண்டும்.

"என்ன காரணம், சேர்?"

"திறவுங்கோ."

"உங்கட பேரையும் நம்பரையும் சொல்லுங்கோ. பிறகு பாப்பம்."

அவருடைய தொப்பியிலிருந்து நீர் சொட்டியது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது...

டொக். டொக். டொக்.

இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியில் அழுந்தின.

"அக்கா... திறவுங்கோ, அக்கா..."

சோதனைக்கு வருகிறவர் இப்படிக் கெஞ்சுவாரா?

நேருக்கு நேர் பார்த்துக் கேட்பது என்று கஜனி காரைச் சுற்றி நடந்தார்.

அந்தப் பக்கம் யாருமில்லை.

புழுதியில் ஒரு காலடிகூட இல்லை.

ஆனால் தட்டும் சத்தம் நிற்கவில்லை...

உள்ளேயிருந்து வந்தது.

கை தானாகக் கார்ச் சாவியின் பொத்தானை அழுத்தியது.

கிளிக்.

பின்கதவு மெல்லத் திறந்தது. தண்ணீர் கொட்டியது. பாசி மணம்.

உள்ளே ஒருவருமில்லை.

இருக்கை தோய்ந்து கிடந்தது. துணிப்பை மட்டும் நனையவில்லை. கண்ணாடியில் இரண்டு கைகளின் தடம். கஜனி வெளியிலிருந்து துடைத்துப் பார்த்தார்.

அழியவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு பெரிய வீதிவரை ஓடினார். பின்னால் திரும்பிப் பார்க்கவேயில்லை.

அடுத்த நாள் காரை எடுத்து வந்தவர், கராஜ் வைத்திருக்கும் சிறாஜ். அவர் இருக்கைகளைக் கழற்றிக் கஜனிக்குக் காட்டினார். அடியில் காய்ந்த சேறும் சின்னச் சின்னச் சிப்பிகளும் ஒட்டியிருந்தன. கஜனி அந்தக் காரைப் பழைய காராகத்தான் வாங்கியிருந்தார். சிறாஜ் அங்குமிங்கும் விசாரித்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வந்தார்.

"மிஸ், இது தண்ணிக்குள்ள கிடந்த கார். முந்தி வச்சிருந்த ஆள் அதே குளக்கட்டிலதான் நிப்பாட்டிட்டு எங்கயோ போனவராம். ஒரு பொலிஸ்காரப் பெடியன் தனிய வந்து, அவரைக் கேக்காமலே உள்ள ஏறிக் கிளறியிருக்கிறான். கை பட்டு பிரேக் கழண்டு, கார் உருண்டு குளத்துக்குள்ள போயிட்டுது. கதவு திறபடேல்லையாம்."

"அங்க ஒருத்தரும் இல்லையோ?"

"இருந்தவை, மிஸ். குளிச்சுக்கொண்டு நிண்ட சனம். பொலிஸைக் கண்ட பயத்தில புதர்ப் பத்தைக்குள்ள ஒளிச்சிட்டுதுகள், தலையைக்கூடத் தூக்கேல்லை."

சிறாஜ் குரலைத் தாழ்த்தினார்.

"தட்டின சத்தம் அவைக்குக் கேட்டதாம். கன நேரமாக் கேட்டதாம்... பொலிஸ் இன்னும் செக் பண்ணுது எண்டு நினைச்சு, ஒருத்தரும் வெளிய வரேல்லையாம்."