நறுக்கிய கம்பி

லேத் பட்டறைக்காரர் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் மின்சாரம் எடுக்கச் சின்னதாக ஒரு சக்கரம் அமைத்திருந்தார். அதைச் சோதித்து அங்கீகரித்தால்தான் பசுமை மின்சாரச் சான்றிதழ் வரும். நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையான மனிதருக்குக் கண்ணை மூடுவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும்.

அதிகாரி வருகிறார் என்றதும் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீட்டர் பெட்டியில் ஒட்டடை அடித்தாள். ஓரத்தில் ஈயப் பொட்டோடு ஒரு துருக்கம்பி தொங்கியது. அசிங்கமாக இருக்கிறதே என்று கத்தரியால் நறுக்கி எறிந்தாள்.

"சீல் எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"அந்தத் துருக்கம்பியா சார்? குப்பைன்னு நெனச்சேன்."

"அது இருந்தாத்தாம்மா மீட்டர்ல யாரும் கை வைக்கலைன்னு அர்த்தம். புது சீல் வச்சு மறுபடி விண்ணப்பிக்கணும். அடுத்த மழைக்காலம் ஆயிடும்."

அதுவரை கணவர் தாங்கமாட்டார் என்று மருத்துவர் கைவிரித்திருந்தார்.

குப்பையில் தேடி எடுத்த கம்பியோடு கட்டிலருகே போனாள்.

"என்னடி, பாஸா பெயிலா?"

உள்ளங்கையை விரித்தாள். அவர் அந்தக் கம்பியைப் பார்த்தார்.

"என் சாமானைத் தொடாதேன்னு காலமெல்லாம் கத்தினேன். கடைசியில தொட்டுட்டியே." சிரிக்கப் போனவரை இருமல் உலுக்கியது. அடங்கியதும், "சக்கரம் ஓடுதுல்ல?" என்றார்.

"ஓடுதுங்க."

"ஜன்னலைத் திற. சத்தமாவது கேக்கட்டும்."

திறந்தவள், அவர் பக்கம் திரும்பாமல் ஜன்னல் கம்பிகளைப் பிடித்தபடியே நின்றாள்.