மீதி நாலு பந்து

இந்த நாட்டில் ஸ்பின்னரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அவன் பந்து வீசுவதைப் பார்ப்பதே இல்லை.

இன்று கடலூரில் மாவட்ட அணிக்கான தேர்வு. என் நண்பன் அருள் இடக்கை ஸ்பின்னர். வயது வரம்பின்படி அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

இரண்டு பந்து போட்டான். இரண்டும் நன்றாகத் திரும்பின. தேர்வாளர் கேட்டார், "பேட்டிங் வருமா?"

"சுமாரா வரும் சார்."

"சரி, அடுத்த ஆள் வா."

அவ்வளவுதான் தேர்வு.

திரும்பி வரும்போது சிதம்பரம் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் செல்போனில் இந்திய அணிப் பட்டியலைப் பார்த்துப் பொருமினார்.

"மூணு ஸ்பின்னர எடுத்துருக்கானுங்க. ஒருத்தனுக்கும் பந்து திரும்பாது. நாட்டுல வேற ஆளே இல்லியா?"

அருள் மெதுவாகச் சொன்னான், "அவுங்களுக்குப் பேட்டிங் வரும் மாமா."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுச்சத்திரம் தாண்டியதும் அருள் பையிலிருந்த பந்தை எடுத்து என் மடியில் வைத்தான். "நீ வச்சுக்க மச்சான். எனக்கு இனிமே எதுக்கு?"

வீட்டுக்கு வந்ததும், தேர்வு அறிவிப்பில் இருந்த தேர்வாளரின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "ஒரு ஓவருக்கு ஆறு பந்து சார். அவனுக்கு இன்னும் நாலு பந்து பாக்கி. கூப்பிட்டுப் போடச் சொல்லுங்க."

நீல டிக் விழுந்து மூன்று மணி நேரமாகிறது.