நான்காவது துணி

1. கார் இன்ஜினின் வால்வுகளில் படிந்த கரியைச் சுரண்ட, காற்று போகும் குழாயைக் கழற்றினேன்.
2. தூசி விழாதிருக்க, அப்பாவின் பழைய துண்டைக் கிழித்து குழாய் இருந்த இடத்தில் தெரிந்த நான்கு துளைகளையும் அடைத்தேன்.
3. துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தம் செய்து, குழாயைத் திரும்ப மாட்டினேன்.
4. வெளியே மூன்று துணிகளே இருந்தன.

ஒரு மணி நேரத்தில் அந்தக் காரில்தான் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு நெய்க்காரப்பட்டி போக வேண்டும். உள்ளே துணி இருந்தால் இன்ஜின் காலி.

“டிப்ளமோ படிச்ச புள்ளைக்கு நாலு துணிய எண்ணத் தெரியலையாக்கும்!” பின்னால் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டே அப்பா கேட்டார்.

மறுபடி குழாயைக் கழற்றித் தேடினேன். துளைகளில் ஒன்றுமில்லை. திரும்பினால், அப்பாவின் முகமெல்லாம் கரி.

“எந்துண்டுதானேன்னு எடுத்தேன் ஆத்தா” என்றார்.

இப்போதெல்லாம் துணிகளுக்கு எண் போடுகிறேன். அப்பாவுக்கு முதலிலேயே வேறு துண்டு கொடுத்துவிடுகிறேன். அன்று அரை மணி தாமதமாகப் போனோம். அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, கார் ஓடுகிறது.