ராஜவேலுவின் ஞாயிற்றுக்கிழமைச் சவாரி

ஐயம்பேட்டை ராஜவேலு பிறவியிலேயே சி.எஸ்.ஐ. சபைக்காரர். சபைக் கமிட்டித் தேர்தலில் தோற்ற வருஷம் கோபித்துக்கொண்டு சர்ச் படி ஏறுவதையே விட்டுவிட்டார். ஆனால் ஞாயிறு தவறாமல் மற்றவர்களைத் தம் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் போவார். கோபம் கமிட்டியோடு, சவாரியோடு என்ன சண்டை?

பின்சீட்டில் ஒரு மூலை நதியாவுக்கு. கத்தோலிக்கக் கோயில் பூசைக்குப் போகிறவள், கையில் ஜெபமாலை. மறு மூலையில் பெந்தெகொஸ்தே கிருஷ்ணம்மாள். வெள்ளைப் புடவை, குந்துமணித் தங்கம் கிடையாது. "சிலையக் கும்புடறவ" என்று கிருஷ்ணம்மாள் என்றோ சொல்லிவைக்க, "கூச்சல் போட்டாத்தான் உங்க சாமிக்குக் காது கேக்குமா?" என்று நதியா திருப்பிக் கொடுக்க, அன்றோடு பேச்சு நின்றது. நடுவில் யாராவது உட்கார்ந்தால்தான் வண்டிக்கே நிம்மதி.

அந்த ஞாயிறு நடுவில் ஆளில்லை. காஞ்சிபுரத்துக்குள் நுழையும்போது போன் வந்தது. மகள் சத்யப்ரியாவுக்குத் தலைப்பிரசவம், அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நாளைக்குத்தான் ஆகும் என்று டாக்டர் சொன்னதால் வண்டியை எடுத்திருந்தார்.

"வலிப்பு வந்துட்டுது மாமா, ஆபரேஷனுக்கு இட்டுக்கினு போறாங்க. ரெண்டு உசுருக்கும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்றாங்க" என்று அழுதான் மருமகன் லோகேஷ்.

ராஜவேலு வண்டியை ஓரங்கட்டி, விஷயத்தைச் சொன்னார்.

"ஆராதனை கெடக்குது, ஆஸ்பத்திரிக்கு உடுப்பா" என்றாள் கிருஷ்ணம்மாள்.

"ஜெபம் பண்ணிக்கினே போலாம்ணா" என்றாள் நதியா.

இருவரும் ஆரம்பித்தது ஆண்டவர் கற்றுக்கொடுத்த அதே ஜெபந்தான். நதியா 'தந்தையே' என்றாள், கிருஷ்ணம்மாள் 'பிதாவே' என்றாள். அப்புறம் வரிக்கு வரி வார்த்தை முட்டி, சந்தைக்கடை ஆயிற்று. விட்டுக்கொடுக்கவும் மனசில்லை, நிறுத்தவும் மனசில்லை. எத்தனையோ வருஷம் கழித்து ராஜவேலு வாயைத் திறந்தார். அவர் சின்ன வயசில் தம் சபையில் படித்தது கிருஷ்ணம்மாளின் பாடம். மறந்துபோன இடத்தில் நதியாவின் வரியைப் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டே ஓட்டினார்.

மத்தியானத்துக்குள் பெண் குழந்தை. தாயும் பிழைத்துக்கொண்டாள் என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் மனுஷர் கீழே உட்கார்ந்தார். குழந்தையைக் கையில் வாங்கியவள் கிருஷ்ணம்மாள். நதியா அதன் நெற்றியில் சிலுவை போட விரலை நீட்டியவள், இவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள். கிருஷ்ணம்மாளின் சபையில் அதெல்லாம் ஆகாது.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? போடும்மா" என்று சொல்லி, குழந்தையின் தலை அசையாமல் பிடித்துக்கொண்டாள் கிருஷ்ணம்மாள்.